மிச்சம் ஏழு இடங்கள்

ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில் இளவரசுவின் பெயரைப் பேராசிரியர் திருநாவுக்கரசு சிவப்பு மையால் அடிக்கப் போன நேரத்தில், சந்திரலேகா குறுக்கே விழுந்து தடுத்தாள். அஞ்சே நிமிஷம் குடுங்க சார் என்று கெஞ்சினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலூரில் அவருக்குக் கூட்டம். வாசலில் கார் கிளம்பத் தயாராக நின்றது.

சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற வழியில் இருக்கும் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரதப் படிகத்தில் எடுத்த அளவுகளை இரண்டு மாணவர்களிடம் கொடுப்பார் திருநாவுக்கரசு. ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல், அந்தப் புரதத்தின் உருவத்தை இருவரும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் கட்ட வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தால்தான் கட்டுரையில் இரண்டு பெயரும் ஏறும்.

இன்றைக்கு உட்காரவில்லை. திரையில் சந்திரலேகாவின் மாடல் பச்சை, இளவரசுவின் மாடல் ஆரஞ்சு. பச்சை ஒரு மூலையில் கிடந்தது, ஆரஞ்சு வேறெங்கோ அந்தரத்தில் தொங்கியது. பச்சை, சந்திரலேகா பதினோரு மாதம் கண் எரிய எரியக் கட்டிய மாடல். அப்படியானால் தப்பு யாருடையது என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

இந்தக் கட்டுரை போனால் இளவரசுவுக்குப் பட்டம் போச்சு, பட்டம் போனால் அவர்கள் இருவர் கல்யாணமும் போச்சு. கடலூர் முதுநகரில் இருக்கும் சந்திரலேகாவின் அப்பா, மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி டாக்டர் வந்தாத்தான் தாம்பூலம் மாத்துவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். இத்தனைக்கும் போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் நாலு நாள் ஊருக்குப் போனபோது, அவள் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டவனே இளவரசுதான். அப்பேர்ப்பட்டவனை நட்டாற்றில் விட அவளுக்கு மனசு வருமா?

"ரெண்டு பேருக்கும் ஆரிஜின் வேற வேறயா இருக்கலாம் சார். நகத்திப் பாத்துடறேன்," என்றாள்.

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. படிகம் என்பது டைல்ஸ் பதித்த தரை மாதிரி. ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். அதை எந்தப் புள்ளியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ அதுதான் ஆரிஜின். கண்ட இடத்திலும் ஆரம்பித்துவிட முடியாது. இந்தப் படிகத்தில் எட்டு இடங்களுக்குத்தான் அனுமதி, ஒன்றுக்கொன்று ஒரு பக்கமோ, இரண்டு பக்கமோ, மூன்று பக்கமுமோ பாதி தூரம் தள்ளி இருக்கும். இவள் ஓரிடத்திலும் அவன் வேறிடத்திலும் ஆரம்பித்திருந்தால், இரண்டும் சரியான மாடலாகவே இருந்தாலும் ஒட்டாத மாதிரிதான் தெரியும்.

இப்போது நிற்கிற இடம் போக மிச்சம் ஏழு. சரி பாரு, ஆனா நான் கெளம்புறதுக்குள்ள முடி என்றார் சார்.

முதல் இடத்துக்கு ஆரஞ்சை நகர்த்தினாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி நகர்த்தி முடித்தது, ஒட்டவில்லை. இரண்டாவது இடத்திலும் ஒட்டவில்லை. சார் மறுபடியும் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவள் அவசர அவசரமாக மூன்றாவது இடத்தைத் தட்டப் போனாள்.

பின்னால் நின்ற இளவரசு அவள் காதருகே குனிந்தான். "நடுவுல உள்ளதெல்லாம் விடு. கடைசியப் போடு, மூணு பக்கமும் பாதி," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

யோசிக்க நேரமேது? போட்டாள். ஆரஞ்சு மெல்லச் சறுக்கி வந்து பச்சையின்மேல் உட்கார்ந்தது, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பிசிறு இல்லை. சந்திரலேகாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எந்தச் சாமி புண்ணியமோ, பிழைத்தோம் என்று அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சார் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கெடுக்கச் சொன்னார். அவள் தட்டினாள். திரையில் பூஜ்யம் வந்தது, புள்ளிக்குப் பிறகும் மூன்று பூஜ்யம்.

"மூவாயிரம் அணும்மா," என்றார் அவர். "ரெண்டு பேரு தனித்தனியா கட்டுனா, என்னதான் ஒட்டுனாலும் ஒரு மயிரிழையாவது பிசகும். பூஜ்யம் வராது. இதுல ஒண்ணு இன்னொண்ணோட காப்பி. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எடத்த மட்டும் மாத்தி வெச்சிருக்கு."

சந்திரலேகாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, ஊருக்குப் போன அந்த நாலு நாள் நெஞ்சில் வந்து இடித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சார் அவளையே உற்றுப் பார்த்தார்.

"ஏழு எடத்துல சரியா இதுதான்னு ஒனக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

அவள் இளவரசுவைப் பார்த்தாள். சொல்லேன், நான்தான் சொன்னேன்னு சொல்லேன் என்று கண்ணாலேயே மன்றாடினாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சாரிடம் வெகு பணிவாகச் சொன்னான்.

"அவுங்க கேட்டாங்க சார், பாவமேன்னு என்னோட மாடலக் குடுத்துட்டேன்."