ஒன்பது விநாடிக்குப் பூஜ்யம்

"இந்த இடத்துல நிறுத்தினீங்களே சிஸ்டர், அப்ப மனசுல என்ன ஓடிச்சு?"

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு ஆராய்ச்சி மாணவி கேட்டாள். எதிரே இருந்தவர் சிரித்தார். தன்னை ஒருவர் சிஸ்டர் என்று கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது என்றார்.

சொந்த ஊரில் அவர் பதினான்கு வருஷம் நர்ஸ். கணவரின் வேலைக்காக இங்கே வந்த பிறகு, இந்த ஊர் மொழியில் பேச்சுத் தேர்வு தேறினால்தான் நர்ஸ் வேலை என்றுவிட்டார்கள். மூன்று முறை போனார். மூன்று முறையும் கோட்டை விட்டார். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் வாளியக்கா.

வேற்று மொழியில் பேசுகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள், அந்த நேரம் அவர்கள் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் மாணவியின் ஆராய்ச்சி. அவர்கள் பேசியதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, தயங்கிய இடத்தில் நிறுத்தி, தாய்மொழியில் சொல்லச் சொல்வாள். தேர்வுத் துறை அனுமதியோடு நாற்பது பேரின் பதிவுகள் கைக்கு வந்திருந்தன. அதில் இதை ஏன் முதலில் எடுத்தாள் என்று அவள் தன் பேராசிரியரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் தயக்கத்துக்குக் காரணம், வீக்கம் என்பதற்கான சொல். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டு, வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்ததாம். இரண்டாவது தயக்கத்தில் மொழிக்குச் சம்பந்தமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்று திடீரென்று ஒரு சந்தேகம். இதையும் எழுதுவீங்களா மேடம் என்று கேட்டார். கண்டிப்பாக எழுதுவேன் என்று எழுதிக்கொண்டாள் மாணவி.

மூன்றாவது இடம் வந்தது.

தேர்வில் கொடுத்த சூழ்நிலை இது: அறுவை சிகிச்சையில் ஒரு பெண்மணி இறந்துவிட்டார். வெளியே காத்திருக்கும் மகளிடம் நர்ஸ் அதைச் சொல்ல வேண்டும். மகளாக நடிக்க ஒரு தேர்வாளர். பதிவில் நர்ஸின் குரல், உங்கள் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை என்று பிழையில்லாமல் சொன்னது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. முழுதாக ஒன்பது விநாடி. மதிப்பெண் தாளில், 'சொல் கிடைக்காமல் நின்றுவிட்டார்' என்று எழுதி, அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டிருந்தது.

"சொல்லு கெடைக்காமலா?" என்றார் அவர். கோபமில்லை, ஆச்சரியம்தான். அடுத்துச் சொல்ல மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தாராம். அவற்றை அந்த மொழியிலேயே கடகடவென்று சொல்லிக் காட்டினார். இலக்கணம் கச்சிதமாக இருந்தது.

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாவு சேதி சொன்ன வாய் உடனே அடுத்த பேச்சு பேசக் கூடாது மேடம். கேக்கறவங்க மொதல்ல அழணும். நாம பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான். எங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி சேதின்னா பெரிய டாக்டரே என்னைத் தேடி ஆள் அனுப்புவாரு. பேசறதுக்கு இல்ல, பேசாம நிக்கறதுக்கு."

மாணவி தலை நிமிராமல் எழுதினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

மாணவி எழுதியது அறிக்கையாகத் தேர்வுத் துறைக்குப் போனது. வேறு இரண்டு தேர்வாளர்கள் பதிவை முதலிலிருந்து கேட்டார்கள். பூஜ்யம் போய், அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் விழுந்தது. பேசுகிறவர் நிறுத்தினால், ஏன் நிறுத்தினார் என்று அவரையே கேட்காமல் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று விதியும் மாறியது.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் நர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தார். சட்டையில் பெயரும் பதவியும் பொறித்த பட்டை. மாணவி அதைப் படித்து முடிக்கும்வரை அசையாமல் நின்று காட்டினார். முதல் நாள் வார்டுக்குள் நுழைந்ததும் பழைய பழக்கத்தில் வாளியைத் தேடினாராம். தரை துடைக்கும் இன்னொரு அம்மாள் அவர் கையைப் பிடித்து, "போ, போய் ஊசி போடு" என்று தள்ளிவிட்டாளாம். சொல்லும்போதே அவர் முகமெல்லாம் சிரிப்பு.

மாணவிக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் நான்கு மாதமாகச் சொல்லாமல் இருந்ததை அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"சிஸ்டர், அன்னைக்கு அந்த மகளா நடிச்சது நான்தான். பூஜ்யம் போட்டதும் நான்தான். படிப்புச் செலவுக்காக அப்ப தேர்வாளரா போயிட்டிருந்தேன். முகக்கவசம் போட்டிருந்தேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. எங்கம்மா போய் அப்ப பத்து நாள்கூட ஆகல. நான் அழுதது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவசர அவசரமா எழுதிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்."

நர்ஸ் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மேடம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

"தெரியும் கண்ணு. கவசத்துக்கு மேல கண்ணு தெரிஞ்சுதே, அது நடிக்கற கண்ணு இல்லியே. விடாம பேசினா பாஸுன்னு எனக்கும் தெரியும். ஆனா முன்னாடி ஒருத்தி நெஜமாவே அழறப்ப பரீட்சையைப் பாத்தா, நான் என்ன நர்ஸு?"