பாதைக்கு ஒரு சாட்சி

"கேட்டா, 'இல்ல'ன்னு சொல்லிடு. ஒரே சொல்லு. அதுக்கு ஏண்டி முகத்தை இப்படித் தூக்கி வச்சிருக்க?" என்றாள் டோர்கஸ்.

மழையில் நனைந்த கோதுமை வயலின் ஓரமாக, வினிஃப்ரெட் கைத்தடியை ஊன்றியபடி காட்டை நோக்கி நடந்தாள். மே மாதம். மரங்களுக்கடியில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்திருக்கும். ஆனால், காட்டின் நுழைவாயிலில் சென்ற இலையுதிர்காலம் முதல் முள்கம்பி. 'தனியார் இடம்' என்றொரு பலகை வேறு.

காட்டையும் அதன் விளிம்பிலிருந்த கல்வீட்டையும் லண்டனிலிருந்து வந்த ஸ்பர்லிங் வாங்கியிருந்தார். மரங்களை வாங்கினார், சரி. மண்ணை வாங்கினார், சரி. ஊராரின் கால்கள் இட்ட ஒற்றையடிப் பாதையையுமா விலைக்கு வாங்கினார்? ஊர் கொதித்தது. மனு மேலே போயிற்று. இன்று விசாரணை அதிகாரி நேரில் வந்து, பாதையின் தொடக்கத்திலேயே சாட்சி கேட்கப் போகிறார்.

"ஆம்ப்ரோஸைப் பத்திக் கேப்பாங்களா, டோர்கஸ்?"

"கேக்காம விடுவாங்களா? இருபது வருஷம் யாரையும் கேக்காம, யாரும் தடுக்காம நடந்தா அது ஊர்ப்பாதை. சொந்தக்காரர் 'வா'ன்னு கூப்பிட்டு நடந்திருந்தா, அது அவர் காட்டின தயவு. நமக்கு உரிமையே கிடையாது. நாங்கல்லாம் பூப் பாக்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவங்க. பனியிலயும் மழையிலயும் தினம் நடந்தவ நீ ஒருத்திதான். 'ஆம்ப்ரோஸ் கூப்பிட்டார், போனேன்'னு நீ சொன்னா, அதோட போச்சு."

"அந்த ஸ்பர்லிங்கோட வக்கீலுக்கு எங்க கதை எப்படித் தெரியும்?"

"நம்ம ஆளுங்களுக்கு மதுக்கடையில ரெண்டு கோப்பை வாங்கிக் குடுத்தாப் போதாதா? உன் கல்யாணப் பத்திரிகையே அச்சடிச்சுக் குடுத்துடுவானுங்க!"

ஆம்ப்ரோஸ் அந்தக் காட்டுக்கும் கல்வீட்டுக்கும் பழைய சொந்தக்காரர். கடைசிவரை மணம் செய்துகொள்ளாமலே, இரண்டு குளிர்காலங்களுக்கு முன் இறந்துபோனார். வினிஃப்ரெட்டும் மணமாகாதவள். முப்பது ஆண்டுகளாக ஊர் இருவரையும் சேர்த்தே பேசியது. அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"எல்லார் முன்னாலயும் சொல்லணுமா? அதிகாரிகிட்டத் தனியாச் சொல்லக் கூடாதா?"

"விசாரணைக்குப் போறோமா, பாவமன்னிப்புக்குப் போறோமா? நட வேகமா!"

முள்கம்பியின் முன்னே பாதி ஊர் திரண்டிருந்தது; நாய்களும் வந்திருந்தன. அதிகாரி சேறு படிந்த ரப்பர் காலணியில் நின்றார். ஸ்பர்லிங்கின் காலணியில் ஒரு துளிச் சேறு இல்லை. அவருடைய வக்கீல் பணிவாகத் தொடங்கினார்.

"அம்மா, தினமும் இந்த வழியாத்தான் நடந்தீங்களா?"

"ஆமா."

"மழையிலயுமா?"

"மழைக்குப் பயந்தா இந்த ஊர்ல வாசப்படியைத் தாண்ட முடியாது, ஐயா."

கூட்டம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார்.

"அருமையான கைத்தடி. ஆம்ப்ரோஸ் பரிசாக் குடுத்தாராமே?"

"தேவாலயத்துல பழைய சாமான் வித்தப்போ நானே வாங்கினது."

'அடி கெட்டிக்காரி!' என்பதுபோல டோர்கஸ் பக்கத்திலிருந்தவனின் விலாவில் இடித்தாள்.

"இருக்கட்டும். ஊருக்குள்ள போக நல்ல சாலை இருக்கு. அதை விட்டுட்டு, அவர் வீட்டு ஜன்னலை உரசிக்கிட்டுப் போற இந்தச் சேத்துவழியில எதுக்கு வந்தீங்க? அவர் கூப்பிட்டார், அதனாலதானே?"

எங்கோ ஒரு மரங்கொத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. வினிஃப்ரெட் கம்பிக்கு அப்பால் பார்த்தாள். மரங்களுக்கிடையே நீலம் படர்ந்து கிடந்தது. அதன் முடிவில் அந்த ஜன்னல்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை?"

"கூப்பிடல." அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவைகூடக் கூப்பிடல."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்பதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை.

"தீர்ப்பு தபால்ல வரும்," என்றார் அதிகாரி. பிறகு ஸ்பர்லிங் பக்கம் திரும்பி, "ஆனா, கம்பி வெட்டுற ஆளுக்கு இப்பவே சொல்லி வைக்கறது நல்லது," என்றார்.

நாய்கள் குரைக்குமளவுக்கு ஊர் ஆரவாரம் செய்தது.

திரும்பும் வழியில் டோர்கஸ் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "மகா நடிகைடி நீ! கடைசியில குரல் உடைஞ்சுது பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. முப்பது வருஷக் காதலை ஒரே வார்த்தையில இல்லேன்னுட்டியே, எப்படிடி மனசு வந்தது?"

"ஊருக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேனா?" என்று வினிஃப்ரெட் எப்போதும்போலச் சிரித்தாள்.

அன்று அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். ஜன்னலுக்குள்ளிருந்து தலையை மட்டும் அசைத்த அந்த மனிதர், என்றைக்காவது ஒருநாள் கதவைத் திறந்து 'உள்ளே வாயேன்' என்று சொல்லிவிட மாட்டாரா என்று, முப்பது ஆண்டுகள் அவளுடைய கால்கள் இட்ட பாதை அது.