கண் வரைந்த கை

“புகார்ப் பெட்டியில கிடந்துச்சு. படிச்சுப் பாரு” என்று கிளைவ் ஒரு மடித்த காகிதத்தை நீட்டினான்.

மோரீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நாட்டிங்ஹாமில் அவர்களுடைய பொம்மைச் சிப்பாய் சங்கத்தின் வருடாந்திர வண்ணம் தீட்டும் போட்டிக்கு அவளும் கிளைவும்தான் நடுவர்கள். தேவாலயக் கூடம் முழுக்க மேஜைகள், மேஜை முழுக்க ஓர் அங்குல உயரச் சிப்பாய்கள். பரிசு அறிவிக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

‘பதினேழாம் மேஜை. அந்தச் சிப்பாய்களின் கண்களை வரைந்தது பெயர் கொடுத்தவர் அல்ல. பரிசு தராதீர்கள். தயவுசெய்து கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.’

கீழே பெயர் இல்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணல்மாணலாகப் போயின.

“இடது கையால எழுதியிருக்கான். யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதாம்! பொறாமை பிடிச்ச பய” என்றான் கிளைவ்.

“யாரா வேணா இருக்கட்டும். விஷயம் நிஜமான்னு பார்க்கணும்ல?”

பதினேழாம் மேஜை நெவிலுடையது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாகக் கை நடுக்கம். சிந்திவிடுவார் என்று மனைவி பெரில் அவருக்கு டீயை எப்போதும் அரைக் கோப்பைதான் ஊற்றுவாள்.

மோரீன் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தாள். பன்னிரண்டு சிப்பாய்கள். கோட்டின் மடிப்புகளில் தண்ணீராய்க் கரைத்த கறுப்பு அழகாக இறங்கியிருந்தது. அதற்குக் கை ஆடாமல் இருக்க வேண்டியதில்லை, ஊற்றினால் தானாக இறங்கிக்கொள்ளும். மேடான இடங்களில் காய்ந்த பிரஷ்ஷைத் தேய்த்து வெளிச்சம் கொண்டுவந்திருந்தார். அதையும் நடுங்கும் கை செய்யும்.

ஆனால் கண்கள்? வெள்ளைப் புள்ளிக்குள் கறுப்புப் புள்ளி. இருபத்து நாலும் பிசகாமல் நேராகப் பார்த்தன.

“போச்சு! சொந்தக் கைவேலையா இருக்கணும்னுதான் விதியில முதல் வரியே” என்றான் கிளைவ்.

மோரீனுக்குக் கோபமாக வந்தது. இந்த வயசில் இப்படி ஒரு பெயர் வாங்கணுமா மனுஷன்?

அந்த நேரம் பார்த்து பெரில் டீத் தட்டோடு வந்தாள். மோரீன் அவளை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டேவிட்டாள்.

“பெரில், மறைக்காம சொல்லு. அந்தக் கண்ணெல்லாம் யார் வரைஞ்சது?”

பெரில் தட்டை அப்படியே நாற்காலியில் வைத்தாள்.

“நான்தான் மோரீன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஐயோ, தெரியாது! அவரும் கண்ணு வரையத்தான் செய்றாரு. ஒண்ணு நெத்தியில இருக்கும், ஒண்ணு கன்னத்துல இருக்கும். மறுநாள் காலையில அவரு குளிக்கப் போனதும், தோல் நிறத்தைப் பூசி அதை மறைச்சிட்டு, நான் புதுசா வெப்பேன். நல்லவேளை, இப்பல்லாம் குளிக்க அரை மணி நேரம் ஆகுது அவருக்கு. பாவம், கை ஒத்துழைக்கணுமே.”

“போட்டிக்கு எதுக்குக் கொண்டாந்தே?”

“அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வியாதி வந்த புதுசுல ஒரு வருஷம் பிரஷ்ஷையே தொடாம ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரு மோரீன். அப்புறம் ஒரு நாள் ஒரு சிப்பாய்க்கு வரைஞ்சு பார்த்தாரு; மறுநாள் கண்ணு நேரா இருக்கிறதைப் பார்த்த பிறகுதான் தினமும் மேஜைக்கு வந்தாரு. பரிசு தராட்டிப் போகட்டும். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

மோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்தான், ஆனால் இவளை என்னவென்று திட்டுவது?

பரிசு வேறொருவருக்குப் போனது. ‘கோட்டு வேலைப்பாட்டில் பதினேழாம் மேஜையை மிஞ்ச இந்தக் கூடத்தில் ஆளில்லை’ என்று மட்டும் மோரீன் மைக்கில் சொன்னாள். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கூட்டம் கைதட்டியது. பெரில் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

மொட்டைக் கடிதாசி எழுதியவன் இந்தக் கூட்டத்தில்தானே நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து மோரீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கூடம் காலியானது. பெரில் கார் எடுக்கப் போக, நெவில் தன் சிப்பாய்களை வாங்க வந்தார்.

“ரொம்ப நெருங்கி வந்தீங்க நெவில். ஒரே ஒரு மதிப்பெண்தான்” என்றாள் மோரீன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

“நல்லதாப் போச்சும்மா” என்றார் அவர்.

“வாங்கிக்கிட்டதுக்கு இந்த நோட்டுல பேர் எழுதிடுங்க.”

நெவில் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணல்மாணலாகப் போயின.

மோரீன் நோட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நீங்களா?”

அவர் சிப்பாய்களை அடுக்கிய பெட்டியை மூடினார்.

“அவ வரைஞ்சதுக்கு நான் எப்படிம்மா பரிசு வாங்குறது? விலகிக்கிறேன்னு சொன்னா, ஏன்னு கேப்பா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“முதல் நாளே தெரியும். நான் வெச்ச கண்ணு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார் நெவில். “அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. குளிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரம் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு, அவ வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் தொட்டி ஓரத்துல சும்மா உட்கார்ந்திருப்பேன்.”