வீரபாண்டிக்குப் புதுப் பெடல்

ராஜா முகம்மதுவின் சைக்கிள் கடை வாசலில், தங்கபாண்டியின் மலைச் சைக்கிளுக்கு அகலமான புதுப் பெடல்கள் மாட்டியாயிற்று. கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வரவழைத்தவை. செருப்பு வழுக்காமலிருக்க அவற்றின்மேல் பதித்த சின்ன இரும்பு ஆணிகள் சித்திரை வெயிலில் மினுங்குகின்றன. தங்கபாண்டியின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுக்கும்வரை அவர் செருப்புப் போடக்கூடாது. ஏறி உட்கார்ந்து வெறுங்காலைப் பெடலில் ஊன்றுகிறார். ஊன்றிய வேகத்தில் எடுக்கிறார். “குத்துதாண்ணே?” என்கிறார் ராஜா முகம்மது. “அதெல்லாம் இல்லப்பா.” மறுபடி ஊன்றி உதட்டைக் கடித்துக்கொள்கிறார். கேரியர் இல்லாத அந்தச் சைக்கிளை முறைத்தபடி நிற்கும் மனைவி சொர்ணலதா கேட்கிறாள்: “ஏங்க, சட்டி எடுக்குறதாத்தான நேந்தீக? ஆணிச் செருப்புல நடக்குறதா எப்ப நேந்தீக?” ராஜா முகம்மது சிரிக்கவில்லை. பழைய டியூப் ஒன்றை அறுத்து எடுத்துவந்து பெடலில் சுற்றுகிறார். கோயம்புத்தூர் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கறுப்பு ரப்பருக்குள் மறைகின்றன.