கீழ் மூலை

ஒட்வார் ஸ்டூல்மேல் ஏறி, படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணியை ஒட்டிக்கொண்டிருந்தான்.

மே மாதம் வந்துவிட்டால் அந்த வடக்குக் கரையில் சூரியனுக்கு ராத்திரியிலும் வீடு திரும்பும் எண்ணமே இருக்காது. மற்ற வீடுகளில் தூக்கத்துக்காகத் துணி கட்டுவார்கள். இந்த வீட்டில் அவன் மனைவி குன்வோருக்காக.

வெளிச்சம் ஏற ஏற அவளுக்கும் ஏறும். குளிர்காலத்து இருட்டு வந்தால் அது அவளைக் குப்புறத் தள்ளிவிடும். இருமுனை நோய் என்றார் டாக்டர்.

ஆனால் அந்த ஒரு வசந்தம்! கல்யாணமான புதிதில், ஒரே ராத்திரியில் படகு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்தாள். வாஃபிள் சுட்டு, கதவு கதவாகத் தட்டி, தூங்கிய ஊரை எழுப்பி ஊட்டினாள். காட் மீன் காய்கிற பரண்களுக்கு நடுவே அவனை இழுத்துவைத்து ஆடினாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் பிறகு எங்கும் கேட்கவில்லை.

அதே வருஷம் நவம்பரில், படகுத்துறைக்குக் கீழே தண்ணீரிலிருந்து அவளை இழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மாத்திரையும் கறுப்புத் துணியும். இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள். அளவாகச் சிரிக்கிறாள்.

பெண்டாட்டியை என்னமாய்த் தாங்குகிறான் என்று ஊரே மெச்சியது.

ஊருக்கு என்ன தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஜன்னலின் கீழ் மூலையில் இரண்டு விரற்கடை ஒட்டாமல் விட்டுவிடுவான். பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டான், திருடன் மாதிரி. கோடை முடிந்து துணியைக் கழற்றும்போது அவன் கடலில் இருப்பான். கழற்றுவது அவள் வேலை.

தப்பென்று தெரியும். ஒரே ஒரு நாள் அந்த வசந்தத்துப் பெண் வந்துவிட்டுப் போக மாட்டாளா என்று பாழாய்ப்போன நப்பாசை. அவள் வரவேயில்லை.

இன்றும் கீழே இறங்கி அந்த மூலைக்கு வந்ததும் கையை எடுத்தான். விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

குனிந்து பார்த்தான். அவன் ஒருநாளும் ஒட்டாத இடத்தில் பழைய டேப்பின் பசை. வருஷா வருஷம் ஒட்டிப் பிய்த்தது, ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்திருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த குன்வோர் கையை நீட்டினாள்.

"டேப்பை இப்பவே குடு. நீ தூங்கினப்புறம் எந்திரிச்சுக் குனிய முட்டி விட மாட்டேங்குது."

அவனுக்குத் திரும்பிப் பார்க்க முகமில்லை.

"எனக்கும் அவளப் பாக்கணும்னுதான் இருக்கு, ஒட்வார். ஆனா அவ தனியா வர மாட்டாளே. நவம்பரையும் கூட்டிக்கிட்டுல்ல வருவா."

ஒட்வார் டேப்பைக் கிழித்து, அந்த மூலையைத் தானே ஒட்டினான்.