திருத்தப்பட்ட வளைவு

எழுதிப் பழகாத நான் எழுதத் துணிந்தேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

கணினியில் எண்ணைத் தட்டினாள்.

வேறு படம் வந்தது.

மீண்டும் தட்டினாள். மீண்டும் அதே வேறு படம்.

படங்களை அவள் வரைவதில்லை. அவள் எழுதிய நிரல் வரையும். ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு படம். அதே எண்ணுக்கு என்றைக்கும் அதே படம். அந்த நம்பிக்கையில் எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தாள். படத்தின் சிறு பிரதி ஒன்று கைப்பேசியில் இருந்தது.

கைப்பேசியில், கோடுகள் இடப்புறம் சரிந்து, விழப்போகும் இடத்தில் ஒரு வளைவாகத் திரும்பியிருந்தன.

திரையில் சரிவு இல்லை. கோடுகள் ஒழுங்காக நின்றன.

புதுச்சேரியில் ஒரு கலைக்கூடம் அந்தப் படத்தைக் கேட்டிருந்தது. சுவர் நிறைய அச்சிட்டு, கீழே அவள் பெயரைப் போடுவார்கள். கைப்பேசிப் பிரதி அவ்வளவு பெரிதாக்கத் தாங்காது.

அவள் பெயர் வேறெங்கும் இல்லை. ஆய்வு மாணவியாக அவள் நிறுவிய கணிதத் தேற்றத்தில், யாரும் காணாத ஓட்டையை அவளே கண்டாள். அவளே திரும்பப் பெற்றாள். பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிறருடைய நிரல்களில் பிழை களைந்தாள். இப்போது இந்த நிதி நிறுவனத்தில், பிறருடைய சூத்திரங்களைச் சரிபார்க்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை சும்மா இராமல், தன் நிரலையும் சரிபார்த்தாள். ஒரு வரியில் கணக்குத் தப்பாக இருந்தது. திருத்தினாள். பழையதை வைத்துக்கொள்ளவில்லை. தப்பான ஒன்றை எதற்கு வைத்துக்கொள்வது?

எந்த வரி என்று இப்போது தேடினாள்.

எல்லா வரிகளும் சரியாக இருந்தன.

கலைக்கூடத்துக் கிருபாகரனை அழைத்து, அந்தப் படம் இனி வராது என்றாள். வந்ததை அனுப்பச் சொன்னார். அனுப்பினாள்.

உணவு இடைவேளை முடிவதற்குள் அவரே அழைத்தார்.

"மேடம், இது அதைவிட நல்லாருக்கு. அதுல என்னமோ சாயுற மாதிரி இருந்துச்சு. ஆணி அடிச்சவன் கோணலா மாட்டிட்டான்னு என்னையில்ல திட்டுவாங்க. இதையே போட்டுரலாமா?"

"போட்டுக்குங்க, சார்."

பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நன்றியும் சொன்னாள்.

பிற்பகல் கூட்டத்துக்குப் போனாள். ஒருவருடைய சூத்திரத்தில் பிழை கண்டுபிடித்தாள். பாராட்டினார்கள்.

போனவை:

ஒரு வளைவு.

அதைப் பெற்றெடுத்த பிழை.

அழுதிருக்கக்கூடிய ஒரு பிற்பகல்.