ஓரத்தில் நின்றவள்

"ஓனர் மேடம் எப்ப வருவாங்கம்மா?" என்று கேட்டார் வந்தவர்.

"நானும் ஓனர்தான் சார்" என்றேன்.

அவர் தன் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்துவிட்டு, சரி சரி என்று சிரித்தார். சின்னக் குழந்தை 'நான்தான் இந்த வீட்டையே நடத்தறேன்' என்றால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். வந்திருப்பவர் சாதாரண ஆள் இல்லை.

ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் மருந்துக்கடை நிறுவனம். அவர்களுடைய வலைத்தளம் எந்தப் போனில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரியவேண்டும். இந்த வேலை கிடைத்தால் எங்கள் கம்பெனி நிமிர்ந்துவிடும். கம்பெனி என்றால் என்ன, அக்காவும் நானும்தான். சரிபாதி. பெயர்ப்பலகை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள், மேலே ஏறி ஆணி அடித்தது நான்.

படம், நிறம், எழுத்து எல்லாம் அவள் பொறுப்பு. வருகிறவர்களிடம் பேசுவதும் அவள்தான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் போட்டுத் தருவதை, உள்ளங்கைக்குள் அடங்கும் போனிலும் தாம்பாளம் மாதிரி இருக்கும் டேப்லெட்டிலும் பிதுங்காமல் கோணாமல் உட்காரவைப்பது என் பொறுப்பு. அதற்காகவே என் மேசையில் ஒரு டப்பா நிறையப் பழைய போன்கள். கண்ணாடி விரிசல் விட்டது, பட்டன் போனது, யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்டது. வேலை முடிந்தால் ஒவ்வொன்றிலும் திறந்து பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

"எங்க, காட்டுங்க சார்" என்று அவர் போனை வாங்கினேன்.

எங்கள் சொந்த வலைத்தளம். 'எங்களைப் பற்றி' பக்கம். அக்கா மட்டும் நிற்கிறாள்.

தூக்கிவாரிப் போட்டது. என் மேசையில் இருக்கும் பெரிய திரையில் அந்தப் படத்தை நான் தினமும் பார்க்கிறேன். ரெண்டு பேரும் இருக்கிறோம். அவள் நடுவில், நான் ஓரத்தில். கீழே பேர்கூட வேண்டாம், படமே பேசும் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

டப்பாவை மேசையில் கவிழ்த்தேன். ஒவ்வொரு போனாகத் திறந்தேன்.

எதிலும் நான் இல்லை.

ச்சே! ஊரார் தளத்தையெல்லாம் போனில் வைத்து நோண்டி நோண்டிப் பார்க்கிறேனே, சொந்தத் தளத்தை ஒரு தடவையாவது போனில் திறந்து பார்த்தேனா? 'நம்ம சைட்டை நான் பாத்துக்கறேன், நீ வெளி வேலையைக் கவனி' என்று அக்கா சொன்னாள். எனக்கும் தலைக்குமேல் வேலை. விட்டுவிட்டேன்.

"குறுகலான திரையில படத்தோட ஓரம் வெட்டுப்பட்டுடும் சார். நான் ஓரத்துல நிக்கறேனா, அதான்" என்றேன்.

"அப்படி வெட்டுப்படாம பாத்துக்கறதுதானேம்மா உங்க தொழிலே?"

நன்றாகக் கேட்டார். அசடு வழிந்தேன். இதனால் வேலை கைநழுவிப் போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்போது என் கவலையெல்லாம் அதுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். என் கையில் அவருடைய போன். மேசை முழுக்க எங்கள் போன்கள். எல்லாவற்றிலும் அவள் முகம். ஒரு நொடி அப்படியே நின்றாள்.

"அய்யய்யோ, உன்னை வெட்டிடுச்சாடி? போன்ல அது தானா அப்படி ஆயிடுது. நான்கூட கவனிக்கவே இல்ல பாரேன்!"

என் கன்னத்தைக் கிள்ளினாள். அவரும் சிரித்தார். திட்டவில்லையே, அப்பாடா என்றிருந்தது எனக்கு. ரொம்ப நல்லவள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒப்பந்தத் தாள்களை எடுத்துக்கொண்டாள். "நீ இதைச் சரிபண்ணிடு. நாங்க பேசி முடிச்சிடறோம்" என்று அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

சரிபண்ண உட்கார்ந்தேன். எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று முதலில் தெரியவேண்டும். பெரிய திரையில் படத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பெரிய திரையில் நான் அவள்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துத் தோளில் போட்டிருக்கிறேன். அவளுடைய கோடு போட்ட சட்டைமேல் என் நாலு விரலும் பளிச்சென்று தெரிகின்றன.

போனில் வெட்டுப்பட்டிருப்பது நான் நின்ற பக்கம்தான். என் கை கிடந்த மறுபக்கத்துத் தோள் முழுசாக இருக்கிறது.

விரல்கள் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் இருந்த இடத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கோடுகள் இறங்குகின்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

எந்தப் போனும் தானாக இதைச் செய்யாது. போனுக்கென்றே தனியாக ஒரு படம் செய்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு விரலாக அழித்து, அடியில் சட்டையைக் கோடு கோடாக வரைந்து வைக்க எத்தனை நாள் உட்கார்ந்தாளோ, பாவி. என் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருப்பாள்.